பெனடிக்ட் அர்னால்ட் ஏன் கட்சி மாறினார், எப்படிப் பிடிபட்டது? தேதி வாரியாக ஒரு பதில்

கேள்வி இது: அமெரிக்கப் புரட்சிப் போரில் பெனடிக்ட் அர்னால்ட் நல்ல தளபதியாகத்தானே இருந்தார்? பதவி உயர்வு தராமல் அவமானப்படுத்தியதால்தான் பிரிட்டிஷார் பக்கம் போனாரா? அந்தச் சதி எப்படி வெளியே வந்தது?

வழக்கமாகச் சொல்லப்படும் பதில் எல்லாருக்கும் தெரியும். வீரமாகச் சண்டை போட்டார், பதவி உயர்வு தள்ளிப்போனது, கால் ஊனமானது, கடைசியில் ராணுவ நீதிமன்றம் கண்டித்தது, வெறுத்துப்போய் எதிரியிடம் சென்றார் என்பார்கள். ஒவ்வொரு தகவலும் உண்மைதான். வரிசை மட்டும் தப்பு. தேதிகளை ஒழுங்காக அடுக்கிப் பார்த்தால் பதவி உயர்வுக் குறை தீர்ந்து பதினைந்து மாதம் கழித்துத்தான் அவர் எதிரிக்கு ஆள் அனுப்புகிறார். நீதிமன்றக் கண்டனமோ, அவர் ஆள் அனுப்பி ஏறக்குறைய ஒரு வருடம் ஆன பிறகு வருகிறது. ஆகவே இந்த இரண்டையும் காரணம் என்று எடுத்துக்கொள்ளும் முன் கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

முதலில் அந்த மனிதரின் தகுதியைக் குறைத்துச் சொல்லக் கூடாது. 1741இல் கனெக்டிகட்டின் நார்விச் ஊரில் பிறந்தவர். நியூ ஹேவனில் மருந்துக்கடை, கப்பல் வியாபாரம். 1775 செப்டம்பரில் சுமார் 1,100 பேரோடு மெய்ன் காடுகள் வழியாக கியூபெக் நகரத்தை நோக்கிக் கிளம்பினார். படகுகளைக் காயாத பச்சை மரத்தில் அவசரமாகச் செய்திருந்தார்கள். பலகை சுருங்கி இடுக்கு வழியே தண்ணீர் ஏறியது, மாவும் வெடிமருந்தும் நனைந்து பாழாயின. வரைபடத்தில் 180 மைல் என்று இருந்த வழி நடந்து பார்த்தால் ஏறக்குறைய 350 மைல். ஒரு பிரிவு பாதியில் திரும்பிவிட்டது. மீதிப் பேர் செருப்புத் தோலை வேகவைத்துத் தின்று, சுமார் 600 பேராக நவம்பரில் கியூபெக் எதிரே வந்து நின்றார்கள். டிசம்பர் 31 பனிப்புயலில் நடந்த தாக்குதல் தோற்றது. அர்னால்டின் இடது காலில் குண்டு பாய்ந்தது. அடுத்த வருடம் அக்டோபர் 11 அன்று சாம்ப்ளேன் ஏரியில் வால்கூர் தீவருகே, அவசரத்தில் கட்டிய சிறு கப்பல்களை வைத்துக்கொண்டு பிரிட்டிஷ் கடற்படையை எதிர்த்தார். பெரும்பாலான கப்பல்கள் போயின. ஆனால் அந்தத் தாமதத்தால் குளிர்காலம் வந்துவிட, பிரிட்டிஷ் படையெடுப்பு ஒரு வருடம் தள்ளிப்போனது. என் கணிப்பில் அவர் செய்த பெரிய வேலை இதுதான். 1777இல் சரடோகாவில் பிரிட்டிஷ் தளபதி பர்காயின் சரணடைந்ததற்கு விதை இங்கே விழுந்தது.

இனி பதவி உயர்வு விஷயம். 1777 பிப்ரவரி 19 அன்று கண்டக் காங்கிரஸ், அதாவது கிளர்ச்சி செய்த மாநிலங்களின் பொது மன்றம், ஐந்து பேரை மேஜர் ஜெனரலாக உயர்த்தியது: ஸ்டெர்லிங், மிஃப்ளின், சென்ட் கிளேர், ஸ்டீபன், லிங்கன். முதல் நால்வரும் பணிமூப்பில் அர்னால்டுக்குப் பின்னால் இருந்த பிரிகேடியர் ஜெனரல்கள், லிங்கன் மாநில ஊர்ப்படையிலிருந்து வந்தவர். காரணம் தகுதிக் குறைவு கிடையாது, மாநில ஒதுக்கீடு. எந்த மாநிலம் எத்தனை படை அனுப்புகிறதோ அந்த அளவுக்கு ஜெனரல்கள் என்று காங்கிரஸ் கணக்குப் போட்டது. கனெக்டிகட்டுக்கு ஏற்கெனவே இரண்டு மேஜர் ஜெனரல்கள் இருந்தார்கள். தலைமைத் தளபதி வாஷிங்டனுக்கே இது முன்கூட்டித் தெரியாது.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது ஒரு பட்டப் பிரச்சினை போலத் தெரியும். ராணுவத்தில் அப்படி இல்லை. ஒரே பதவியில் உள்ள இரண்டு தளபதிகள் ஓர் இடத்தில் சந்தித்தால், யாருடைய நியமனத் தேதி முந்தியதோ அவர் சொல்லைத்தான் மற்றவர் கேட்க வேண்டும். ஏப்ரலில் ரிட்ஜ்ஃபீல்டு சண்டையில் அர்னால்டின் குதிரை சுடப்பட்டு விழுந்தும் அவர் தப்பி வந்து போரிட்டதால், மே மாதம் மேஜர் ஜெனரல் பதவி கொடுத்தார்கள். ஆனால் பழைய பணிமூப்பைக் கொடுக்கவில்லை. தன்னைத் தாண்டிப் போன அந்த ஐந்து பேரில் யார் எதிரே வந்தாலும் கட்டளைப் பொறுப்பை அவர் கையில் கொடுத்துவிட்டு நிற்க வேண்டும் என்பது நிலை. ஜூலையில் ராஜினாமாக் கடிதம் எழுதினார். அதே சமயத்தில் வாஷிங்டன், பர்காயினைத் தடுக்க இவரை வடக்கே அனுப்புங்கள் என்று காங்கிரஸைக் கேட்டுக்கொண்டிருந்தார். அர்னால்ட் போனார்.

சரடோகாவில் செப்டம்பர் 19 சண்டைக்குப் பிறகு அங்கே தளபதியாக இருந்த கேட்ஸ் அனுப்பிய அறிக்கையில் அர்னால்டின் பெயரே இல்லை. இருவருக்கும் வாய்ச்சண்டை முற்றி, கேட்ஸ் அவரைப் பொறுப்பிலிருந்து விலக்கினார். அக்டோபர் 7 அன்று எந்தப் பொறுப்பும் இல்லாமலே களத்துக்குள் குதிரையில் பாய்ந்து, பிரேமன் காவல் அரணை உடைத்த தாக்குதலை நடத்தினார். அதே இடது காலில் மறுபடியும் குண்டு, மேலே குதிரையும் விழுந்தது. காலை எடுக்க வேண்டாம் என்று பிடிவாதமாக இருந்தார். எலும்பு கூடியபோது அந்தக் கால் இரண்டு அங்குலம் குட்டையாகிவிட்டது. அக்டோபர் 17 அன்று பர்காயின் சரணடைந்தார். தங்கப் பதக்கம் கேட்ஸுக்குப் போனது.

ஆனால் இதன் பிறகு நடந்ததைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். 1777 நவம்பர் கடைசியில் காங்கிரஸ் அவருடைய பணிமூப்பைத் திருப்பிக் கொடுக்க முடிவு செய்தது. 1778 ஜனவரியில் வாஷிங்டன் திருத்திய நியமன ஆணையை அனுப்பிவைத்தார். மே 30 அன்று வேலி ஃபோர்ஜ் முகாமில், ஹென்றி நாக்ஸ் முன்னிலையில், அர்னால்ட் விசுவாசப் பிரமாணம் எடுத்துக் கையெழுத்திட்டார்.

அந்தத் தேதிக்கு இன்னொரு முக்கியத்துவம் உண்டு. கட்சி மாறிய பிறகு 1780 அக்டோபரில் அமெரிக்க மக்களுக்கு அவர் வெளியிட்ட அறிக்கையில், கத்தோலிக்க பிரான்ஸோடு கூட்டுச் சேர்ந்ததைத்தான் பெரிய காரணமாகச் சொன்னார். அந்த உடன்படிக்கை 1778 பிப்ரவரி 6 அன்று கையெழுத்தாகி, மே மாதத் தொடக்கத்தில் செய்தி அமெரிக்காவுக்கு வந்துவிட்டது. அதெல்லாம் தெரிந்த பிறகுதான் பிரமாணம் எடுத்தார். எனவே அந்தக் காரணத்தை நான் ஏற்க மாட்டேன். பின்னால் தேடிக்கொண்ட காரணம் அது.

பிறகு என்னதான் மாறியது? ஃபிலடெல்ஃபியாவும் பணமும்.

1778 ஜூனில் பிரிட்டிஷார் அந்த நகரத்தைக் காலி செய்ததும், நடக்க முடியாத அர்னால்டை வாஷிங்டன் அங்கே ராணுவ ஆளுநராக நியமித்தார். வந்ததும் கடைகளை மூடச்சொல்லி உத்தரவு போட்டார். ராணுவத்துக்கு வேண்டியதைக் கணக்கெடுக்கத்தான் அந்த உத்தரவு. அதே வாரத்தில், படைக்குத் துணி வாங்கும் அதிகாரியோடும் அவர் உதவியாளரோடும் ரகசிய ஒப்பந்தம் ஒன்று போட்டார். அரசுக் கடனில் சரக்கை வாங்குவது, ராணுவத்துக்குப் போக மிஞ்சியதை விற்று லாபத்தைப் பங்கு போடுவது என்பது ஏற்பாடு. சார்மிங் நான்சி என்ற கப்பலுக்கு அனுமதிச் சீட்டுக் கொடுத்து அதன் சரக்கில் பங்கு எடுத்தார். அக்டோபரில் அந்தச் சரக்கைக் கொண்டுவர மாநில அரசின் 12 வண்டிகளை அனுப்பினார். பென்சில்வேனியா நிர்வாக சபைத் தலைவர் ஜோசப் ரீட் இதையெல்லாம் சேர்த்து 1779 பிப்ரவரியில் எட்டுக் குற்றச்சாட்டுகளை அச்சிட்டு வெளியிட்டார். ரீடுக்கு அவர்மேல் சொந்த வெறுப்பு இருந்தது, குற்றச்சாட்டில் பாதி அற்பமானவை. இருந்தாலும் வண்டி விஷயமும் சீட்டு விஷயமும் பொய் கிடையாது. துணி ஒப்பந்தம் அப்போது ரீடுக்கே தெரியாது.

ஏன் இவ்வளவு பணம் தேவைப்பட்டது? கியூபெக் பயணத்துக்குச் சொந்தக் காசைப் போட்டிருந்தார், ரசீதுகள் பின்வாங்கும்போது தொலைந்தன. சம்பளம் பல வருடமாக வரவில்லை. வந்தாலும் காகித டாலரின் மதிப்பு இறங்கிக்கொண்டே போனது. 1780 மார்ச்சில் காங்கிரஸே நாற்பது காகித டாலருக்கு ஒரு வெள்ளி டாலர் என்று அறிவிக்கும் நிலை. இந்த நிலையில் வண்டி, குதிரை, விருந்து, மவுன்ட் பிளசன்ட் என்ற மாளிகை. 1779 ஏப்ரல் 8 அன்று 38 வயது அர்னால்ட், 18 வயது பெக்கி ஷிப்பனை இரண்டாம் தாரமாக மணந்தார். செல்வாக்கான நீதிபதியின் மகள். பிரிட்டிஷார் நகரத்தில் இருந்தபோது மேஜர் ஜான் ஆந்த்ரே அந்தக் குடும்பத்துக்குப் பழக்கமானவர்.

கல்யாணம் முடிந்து ஒரு மாதத்தில் நடந்ததுதான் இந்தக் கதையின் கணு. மே 5 அன்று வாஷிங்டனுக்கு உருக்கமான கடிதம் எழுதுகிறார்: என் வழக்கைச் சீக்கிரம் விசாரியுங்கள், நாட்டுக்காகச் சொத்தையும் ரத்தத்தையும் கொடுத்து ஊனமானவனுக்கு இதுவா கைம்மாறு என்று. அதே வாரத்தில், பீங்கான் வியாபாரி ஜோசப் ஸ்டான்ஸ்பரியை வீட்டுக்கு அழைத்து, நியூயார்க் போய் பிரிட்டிஷ் தளபதி ஹென்றி கிளின்டனிடம் தன் சேவையை முன்வைக்கச் சொல்கிறார். மே 10 அன்று ஸ்டான்ஸ்பரி ஆந்த்ரே முன்னால் உட்கார்ந்திருந்தார். கிளின்டனின் உளவுப் பொறுப்பு அப்போது ஆந்த்ரேயின் கையில். விசாரணையே தொடங்கவில்லை, தீர்ப்பு என்ன வரும் என்று யாருக்கும் தெரியாது.

கடிதப் போக்குவரத்து நடந்த முறை எளிமையானது. இரு பக்கமும் ஒரே பதிப்புப் புத்தகம். ஒவ்வொரு சொல்லுக்கும் மூன்று எண்: பக்கம், வரி, அந்த வரியில் எத்தனையாவது சொல். 45.9.8 என்று எழுதினால் 45ஆம் பக்கம், 9ஆம் வரி, 8ஆம் சொல். முதலில் ஒரு தடித்த சட்ட நூலை வைத்தார்கள். அதில் வேண்டிய சொல் எங்கே இருக்கிறது என்று தேடியே நேரம் போனதால் அகராதிக்கு மாறினார்கள், அகரவரிசையில் கை உடனே போய்விடும் அல்லவா. சில கடிதங்களில் வரிகளுக்கு இடையே கண்ணுக்குத் தெரியாத மையிலும் எழுதினார்கள். வெளிப்பார்வைக்கு எல்லாம் வியாபாரக் கடிதம்: சரக்கு, சந்தை, ரொக்கம். அர்னால்ட் 'மங்க்', 'குஸ்டாவஸ்' என்று கையெழுத்திட்டார். ஆந்த்ரே 'ஜான் ஆண்டர்சன்' என்ற வியாபாரி.

பேரம் விலையில் முட்டி 1779 இலையுதிர் காலத்தில் நின்றது. சதி தோற்றாலும் தனக்கு ஒரு தொகை உறுதியாக வேண்டும் என்றார் அர்னால்ட். கிளின்டன் அதற்கு ஒப்பவில்லை. ஜூனில் கூடிய ராணுவ நீதிமன்றம் பிரிட்டிஷ் படை நகர்ந்ததால் கலைந்து, டிசம்பர் 23 அன்று மாரிஸ்டவுனில் மறுபடி கூடியது. 1780 ஜனவரி 26 அன்று வந்த தீர்ப்பில், எட்டில் நீதிமன்றத்துக்கு வந்த நான்கு குற்றச்சாட்டுகளில் கப்பல் சீட்டும் வண்டிகளும் மட்டுமே நின்றன. தண்டனை, வாஷிங்டனின் கண்டனம். அது ஏப்ரல் 6 அன்று வெளியானது, மென்மையாகத்தான் எழுதியிருந்தார். அதே மாதம் கருவூலக் கணக்கர்கள், கியூபெக் கணக்கில் அர்னால்ட்தான் சுமார் 1,000 பவுண்டு பாக்கி என்றார்கள். மே மாதம் பேரம் மறுபடி தொடங்கியது. கண்டனமும் கணக்கும் அந்த நின்றுபோன பேச்சைத் தூண்டிவிட்டிருக்கலாம், அவ்வளவுதான் அவற்றுக்குக் கொடுக்கக்கூடிய இடம். சார்ல்ஸ்டன் நகரம் அந்த மே மாதம் பிரிட்டிஷார் கையில் விழுந்ததும், எந்தப் பக்கம் வெல்லும் என்ற அவருடைய கணக்கில் சேர்ந்திருக்கும்.

இந்த முறை கையில் விற்கத் தக்க சரக்கு வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. வாஷிங்டன் படையின் இடது பக்கத் தலைமையைக் கொடுக்க வந்தார், ஒரு வீரனுக்கு அதைவிடப் பெருமை கிடையாது. கால் வலியைச் சொல்லி மறுத்து, ஹட்சன் நதிக் கோட்டையான வெஸ்ட் பாயின்ட்டைக் கேட்டு வாங்கினார். ஆகஸ்ட் 3 அன்று நியமனம். விலை: கோட்டையோடு 3,000 வீரர்களும் பீரங்கிகளும் அகப்பட்டால் 20,000 பவுண்டு. தோற்றால் 10,000 கேட்டார், கிளின்டன் 6,000க்கு மேல் வாக்குக் கொடுக்கவில்லை.

வெஸ்ட் பாயின்ட் ஏன் அந்த விலை பெற்றது என்பதைப் பார்க்க ஹட்சன் நதியைப் பார்க்க வேண்டும். அங்கே ஆறு குறுகி, இரண்டு முறை கூர்மையாகத் திரும்புகிறது. பாய்மரக் கப்பல் அந்த வளைவில் காற்றை இழந்து வேகம் குறையும். அப்படித் தடுமாறும் இடத்தில் இரு கரையையும் இணைத்து 1778 ஏப்ரலில் இரும்புச் சங்கிலி போட்டார்கள். ஒவ்வொரு வளையமும் சுமார் இரண்டடி நீளம், இரண்டேகால் அங்குலக் கனம், நூறு ராத்தலுக்கு மேல் எடை. மொத்தம் சுமார் 65 டன். மரக்கட்டைத் தெப்பங்கள் அதைத் தாங்கின. பனிக்கட்டி அறுத்துவிடும் என்பதால் குளிர்காலத்தில் கரைக்கு இழுத்து, வசந்தத்தில் மறுபடி போடுவார்கள். சுற்றிலும் மலைமேல் போலந்துப் பொறியாளர் கோஸ்சியுஷ்கோ வடிவமைத்த அரண்கள். இதை இழந்தால் நியூ இங்கிலாந்து தனியாகத் துண்டுபட்டிருக்கும்.

அர்னால்ட் பொறுப்பேற்றதும் ஆட்களைப் பிரித்துப் பிரித்து வெளி வேலைக்கு அனுப்பினார், விறகு வெட்டும் வேலை உட்பட. பழுது பார்க்கும் வேலை நின்றது. பொறுப்பேற்கும் முன்பே, பெரிய கப்பல் ஒன்று பாரம் ஏற்றிக்கொண்டு நல்ல காற்றிலும் நீரோட்டத்திலும் வந்து மோதினால் சங்கிலி அறுந்துவிடும் என்று ஆந்த்ரேக்கு எழுதியிருந்தார். ஆந்த்ரேயின் கையில் கடைசியில் கொடுத்த தாள்களில் ஒவ்வோர் அரணின் பலவீனமும் இருந்தது. தன் பெயரையே தாங்கிய அர்னால்ட் கோட்டை காய்ந்த சுள்ளிக் கட்டுகளாலும் மரத்தாலும் ஆனது, குண்டு விழுந்தால் தீப்பிடிக்கும் என்று அவரே எழுதிக் கொடுத்தார். புட்னம் கோட்டையின் சுவர் கிழக்குப் பக்கம் இடிந்து கிடக்கிறது என்றார். கூடவே படைப் பட்டியல், மொத்தம் 3,086 பேர். அந்தப் பட்டியலில் உள்ளவர்கள் அவரையே தளபதியாக நம்பி நின்ற ஆட்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு கனக்கிறது.

இனி திட்டம் கெட்ட விதம். ஒரே பெரிய தவறால் கெடவில்லை. சின்னச் சின்ன விஷயங்கள் ஒன்றின் மேல் ஒன்றாகச் சரிந்தன.

செப்டம்பர் 11 அன்று முதல் சந்திப்புக்கு அர்னால்ட் படகில் கீழே போனார். விவரம் அறியாத பிரிட்டிஷ் ரோந்துப் படகுகள் அவரையே சுட்டன, திரும்பிவிட்டார். இரண்டாம் முறை செப்டம்பர் 21 இரவு. பிரிட்டிஷ் போர்க்கப்பல் வல்ச்சர் ஆற்றில் நங்கூரமிட்டிருந்தது. ஜோஷுவா ஹெட் ஸ்மித் என்பவர் ஆந்த்ரேயைப் படகில் அழைத்துவர வேண்டும். துடுப்புப் போட இரண்டு சகோதரர்களைக் கூப்பிட்டார், அவர்கள் களைத்திருக்கிறோம் என்று மறுத்தார்கள். அர்னால்ட் கைது செய்வேன் என்று மிரட்டி, ஆளுக்கு 50 ராத்தல் மாவு தருவதாகவும் சொல்லிச் சம்மதிக்க வைத்தார். சத்தம் வராமல் இருக்கத் துடுப்புகளில் ஆட்டுத்தோலைச் சுற்றினார்கள். நள்ளிரவுக்குப் பிறகு ஹேவர்ஸ்ட்ரா அருகே மலையடிவாரத்தில் இருவரும் சந்தித்தார்கள். பேச்சு விடியும்வரை நீண்டது. வெளிச்சத்தில் திரும்பத் துடுப்புப் போட மாட்டோம் என்று அந்தச் சகோதரர்கள் உறுதியாகச் சொல்லிவிட்டார்கள். அதனால் ஆந்த்ரே குதிரையில் ஸ்மித்தின் வீட்டுக்குப் போனார். வழியில் காவலன் குரல் கொடுத்தபோதுதான் அமெரிக்கக் காவல் எல்லைக்குள் வந்துவிட்டோம் என்பது அவருக்குப் புரிந்தது.

கிளின்டன் அவருக்கு மூன்று கட்டளை கொடுத்திருந்தார்: எதிரி எல்லைக்குள் போகாதே, சீருடையைக் கழற்றாதே, எழுத்தில் எதையும் கொண்டுவராதே. ராணுவச் சட்டத்தில் சீருடையோடு பிடிபட்டால் போர்க்கைதி, மாற்றுடையில் பிடிபட்டால் உளவாளி, உளவாளிக்குத் தூக்கு. முதல் கட்டளை விடியும் முன்பே போய்விட்டது.

மற்ற இரண்டும் போனதற்குக் காரணம் ஒரு சிறு பீரங்கி. எதிர்க்கரையில் காவலிருந்த கர்னல் ஜேம்ஸ் லிவிங்ஸ்டன், வல்ச்சர் கப்பல் அங்கேயே நிற்பதைப் பொறுக்காமல், வெஸ்ட் பாயின்ட் பீரங்கிப் பொறுப்பாளர் கர்னல் லாம்பிடம் வெடிமருந்து கேட்டார். லாம்ப் வீண் செலவு என்று முணுமுணுத்தபடியே கொஞ்சம் அனுப்பினார். 22ஆம் தேதி காலை டெல்லர் முனையிலிருந்து லிவிங்ஸ்டன் சுட்டார். நீரோட்டமும் காற்றும் சரியில்லாமல் கப்பல் சுமார் இரண்டு மணிநேரம் அடிவாங்கிவிட்டு, கீழ்நோக்கி நகர்ந்துபோனது. ஸ்மித் வீட்டு மாடி ஜன்னலிலிருந்து ஆந்த்ரே அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய திரும்பும் வழி போய்விட்டது. இத்தனைக்கும் லிவிங்ஸ்டனுக்குச் சதியைப் பற்றி ஒன்றும் தெரியாது. தன் கண்ணெதிரே எதிரிக் கப்பல் நின்றது, சுட்டார். இந்தக் கதையில் நான் மிகவும் மதிக்கும் ஆள் அவர்தான்.

வேறு வழியில்லாமல் ஆந்த்ரே சிவப்புச் சீருடையைக் கழற்றி ஸ்மித்தின் கோட்டையும் தொப்பியையும் போட்டுக்கொண்டார். ஆறு தாள்களைக் காலுறைக்குள் பாதத்தோடு வைத்துக்கொண்டார். ஜான் ஆண்டர்சன் அரசு வேலையாகப் போகிறார், விடுங்கள் என்று அர்னால்ட் கையெழுத்திட்ட சீட்டும் இருந்தது. கிங்ஸ் ஃபெரியில் ஆற்றைக் கடந்து, ஒரு வீட்டில் இரவைக் கழித்து, 23ஆம் தேதி காலை ஸ்மித் அவரைக் குரோட்டன் ஆற்றுப் பக்கம் விட்டுவிட்டுத் திரும்பினார். மீதி பதினைந்து மைல், எந்தப் படையும் உறுதியாகப் பிடித்து வைத்திருக்காத நடுநிலப் பகுதி.

காலை ஒன்பது, பத்து மணி வாக்கில் டாரிடவுன் அருகே மூன்று ஊர்ப்படை இளைஞர்கள் வழிமறித்தார்கள்: ஜான் பால்டிங், ஐசக் வான் வார்ட், டேவிட் வில்லியம்ஸ். பால்டிங் சில நாள் முன்புதான் நியூயார்க் சிறையிலிருந்து தப்பி வந்திருந்தார், உடம்பில் பிரிட்டிஷாரின் கூலிப்படையான ஹெஸ்ஸியர்களின் கோட்டு. அதைப் பார்த்து நம் ஆட்கள் என்று நினைத்த ஆந்த்ரே, தான் பிரிட்டிஷ் அதிகாரி என்று சொல்லிவிட்டார். முதலிலேயே சீட்டை நீட்டியிருந்தால் விட்டிருப்போம் என்று பின்னால் பால்டிங்கே சொன்னார். இறங்கச் சொல்லிச் சோதித்து, பூட்ஸைக் கழற்ற, காலுறையில் தாள்கள். மூவரில் படிக்கத் தெரிந்தவர் பால்டிங் ஒருவர்தான். ஆந்த்ரே கடிகாரம், குதிரை, கேட்கிற பணம் எல்லாம் தருவதாகச் சொன்னார். அவர்கள் விடவில்லை. அவர்கள் வழிப்பறிக்காரர்கள்தான் என்று உளவு அதிகாரி டால்மேட்ஜ் 1817இல் காங்கிரஸிலேயே பேசினார். பணம் தேடித்தான் சோதித்திருக்கலாம். ஆனால் அதைவிடப் பெரிய பணத்தை வேண்டாம் என்று சொன்னார்கள் என்பது உண்மை.

அடுத்த தவறு அமெரிக்கர்கள் பக்கம். நார்த் காஸிலில் இருந்த லெப்டினன்ட் கர்னல் ஜேமிசன், தாள்களை வாஷிங்டனுக்கு அனுப்பினார், சரி. ஆனால் ஜான் ஆண்டர்சன் என்றொருவரைப் பிடித்திருக்கிறோம் என்று தன் மேலதிகாரியான அர்னால்டுக்கும் எழுதி, கைதியையும் அங்கேயே அனுப்பினார். தளபதி துரோகம் செய்வார் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அன்று மாலை வந்த டால்மேட்ஜ் வாதாடிக் கைதியைத் திரும்ப வரவழைத்தார். கடிதம் மட்டும் போய்ச் சேரட்டும் என்று ஜேமிசன் பிடிவாதமாக நின்றார். தாள்களைக் கொண்டுபோன தூதன், வாஷிங்டன் வேறு வழியாகத் திரும்பியதால் அவரைத் தவறவிட்டான்.

இந்த இரண்டும் சேர்ந்து, செப்டம்பர் 25 காலை வெஸ்ட் பாயின்ட்டுக்கு எதிர்க்கரையில் ராபின்சன் வீட்டில் அர்னால்ட் காலை உணவு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கடிதம் முதலில் அவர் கையில் வந்தது. மேசையில் வாஷிங்டனின் உதவி அதிகாரிகள் இருந்தார்கள், வாஷிங்டன் பின்னால் வந்துகொண்டிருந்தார். அர்னால்ட் முகம் மாறாமல் எழுந்து மாடிக்குப் போய் ஆறு மாதக் கைக்குழந்தையோடு இருந்த பெக்கியிடம் சொல்லிவிட்டு, ஆற்றங்கரைக்கு இறங்கித் தன் படகில் ஏறி வல்ச்சர் கப்பலுக்கு ஓட்டச் சொன்னார். போய்ச் சேர்ந்ததும் படகோட்டிகளைப் பிரிட்டிஷ் பக்கம் சேரச் சொன்னார். மறுத்தார்கள். தளபதி சொன்னதற்காகத் துடுப்புப் போட்டு வந்த அவர்களைக் கைதியாகப் பிடித்து வைத்தார்கள்.

வாஷிங்டன் வந்து சாப்பிட்டுவிட்டு வெஸ்ட் பாயின்ட்டுக்குப் போனார். வரவேற்கத் தளபதி இல்லை, அரண்கள் பராமரிப்பின்றிக் கிடந்தன. மாலை திரும்பியபோது உதவி அதிகாரி ஹாமில்டன் அந்தத் தாள்களைக் கொடுத்தார். வெளியே ஏறக்குறைய இரண்டு மாதமாகப் பாழாக்கிய கோட்டை, உள்ளே புத்தி பேதலித்தவள் போல அலறும் பெக்கி. அன்று இரவே படைகளை வரவழைத்துக் காவலை அடுக்கினார். பெக்கியை எல்லாரும் பாவம் என்று நம்பி, தந்தை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

ஆந்த்ரேயைச் செப்டம்பர் 29 அன்று டாப்பனில் பதினான்கு ஜெனரல்கள் விசாரித்தார்கள், தலைமை நதானியேல் கிரீன். அந்த வரிசையில் யார் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று பார்த்தால் நம் கேள்விக்கே விடை கிடைக்கிறது. ஸ்டெர்லிங்கும் சென்ட் கிளேரும் இருந்தார்கள், அர்னால்டைத் தாண்டி உயர்ந்த ஐந்து பேரில் இருவர். அர்னால்டின் பிரமாணத்துக்குச் சாட்சியான நாக்ஸ் இருந்தார். ஜான் ஸ்டார்க்கும் இருந்தார். இந்த ஸ்டார்க்கை 1777இல் அர்னால்டைப் போலவே பதவி உயர்வில் தாண்டிப் போனார்கள். அவர் ராஜினாமா செய்து ஊருக்குப் போனார், சில மாதத்தில் எதிரி நெருங்கியதும் தன் மாநிலப் படையோடு வந்து பென்னிங்டனில் பர்காயினின் ஒரு பிரிவையே நொறுக்கினார். கியூபெக்கிலும் சரடோகாவிலும் அர்னால்டோடு நின்ற டேனியல் மார்கனும் 1779இல் இதே குறையோடு விலகினார். கேம்டனில் படை தோற்றது என்று கேட்டதும் திரும்பி வந்து, 1781 ஜனவரியில் கௌபென்ஸில் வென்றார். அதே காங்கிரஸ், அதே குறை, அதே காலி சம்பளப் பெட்டி. குறை ஒருவரை ராஜினாமாவரை கொண்டுபோகும். அதற்கு அப்பால் விலைப்பட்டியல் எழுதியது அர்னால்டின் சொந்த முடிவு.

ஆந்த்ரேக்குப் பதிலாக அர்னால்டைக் கொடுத்தால் விடுகிறோம் என்று மறைமுகமாகச் செய்தி போனது. கிளின்டன் மறுத்தார், தன்னை நம்பி வந்தவரைத் திருப்பிக் கொடுத்தால் இனி யார் வருவார்கள் என்ற கணக்கு. துப்பாக்கியால் சுட்டுக் கொல்லுங்கள் என்ற ஆந்த்ரேயின் வேண்டுகோளை ஏற்காமல் அக்டோபர் 2 அன்று தூக்கிலிட்டார்கள். பிடித்த மூவருக்கும் வெள்ளிப் பதக்கமும் ஆண்டுக்கு 200 டாலரும் காங்கிரஸ் வழங்கியது.

அர்னால்டுக்குக் கிடைத்தது பிரிட்டிஷ் பிரிகேடியர் ஜெனரல் பதவியும் 6,315 பவுண்டும். 1781 ஜனவரியில் ரிச்மண்டை எரித்தார். மே மாதம் வர்ஜீனியாவுக்கு வந்து சேர்ந்த கார்ன்வாலிஸ் அவரை நியூயார்க்குக்குத் திருப்பி அனுப்பினார். பின்னால் 1792இல் திப்புவிடமிருந்து திண்டுக்கல்லையும் பாரமகாலையும் கம்பெனிக்குப் பெற்ற அதே கார்ன்வாலிஸ்தான். 1781 செப்டம்பர் 6 அன்று, தான் பிறந்த நார்விச்சிலிருந்து ஆற்றோடு இறங்கினால் வரும் நியூ லண்டன் துறைமுகத்தை அர்னால்ட் தாக்கினார். 140க்கு மேற்பட்ட கட்டடங்கள் எரிந்தன. எதிர்க்கரை கிரிஸ்வோல்ட் கோட்டையில் சரணடைந்த பிறகும் வெட்டிக் கொன்றதில் 80க்கும் அதிகமானவர்கள் செத்தார்கள், எல்லாம் அவருடைய சொந்த மாநிலத்து ஆட்கள். 1801இல் லண்டனில் இறந்தார்.

பெக்கிக்குத் தெரியுமா என்ற கேள்வி நூற்றாண்டுக்கு மேல் நின்றது. கிளின்டனின் தாள்கள் 1920களில் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்கு வந்து ஆய்வாளர்கள் பிரித்துப் பார்த்த பிறகுதான் பதில் கிடைத்தது. 1779 மே தேதியிட்ட முதல் கடிதங்களும் அங்கேதான் இருந்தன. அந்தப் போக்குவரத்தில் பெக்கிக்கும் பங்கு இருந்தது. கிளின்டனின் கணக்கில் அவருடைய சேவைக்கென்று தனியாக 350 பவுண்டு எழுதியிருக்கிறது. ராபின்சன் வீட்டு மாடியில் அவர் அலறிய அந்தக் காலை, கணவர் ஆற்றில் போய்க்கொண்டிருந்த அந்த நேரத்தை அவருக்கு வாங்கிக் கொடுத்தது.